சுண்ணாம்பு அடித்த கூரை

வெள்ளிக்கிழமை, விற்றுவிட்ட மோர்னிங்சைட் வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு ஒஷாவாவுக்குப் போகிறோம். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் இலை அடைத்துக் கிடக்கிறது. "வாங்கினவை பாக்கட்டும், நீர் பேசாமல் இரும்," என்றார் என் கணவர். நானும் சரியென்றுதான் இருந்தேன்.

அப்போதுதான், கிரேக்கத் தீவொன்றுக்கு விடுமுறையில் போயிருக்கும் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளையடித்த தட்டைக் கூரையில் மேசை போட்டு, சப்பாத்துக் காலோடு ஆட்கள் இருந்து கோப்பி குடிக்கிறார்கள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதே தீவில்தான் அம்மாவும் நானும் கனடா விசாவுக்காகக் காத்துக் கிடந்தோம். எனக்கு ஒன்பது வயது. கூரையில் விழும் மழை வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குள் இறங்கும். வருடம் முழுக்க அதுதான் குடிதண்ணீர். சப்பாத்தோடு யாரும் கூரையில் ஏறமாட்டார்கள். முதல் மழைக்கு முன்னர் கூட்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வீட்டுக்காரி இரினி சுண்ணாம்பு வாளியையும் இரண்டு பிரஷையும் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன அன்றுதான் விசாவும் வந்தது.

"நாங்கள்தான் போகப்போறமே அம்மா, பிறகேன்?" என்றேன்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். "வந்த நாள் துவக்கம் ஆரோ அடிச்ச கூரைத் தண்ணியைத்தானே குடிக்கிறம். பிரஷைப் பிடி."

சுண்ணாம்பு பட்ட விரல்கள் பிளேன் ஏறும்வரை எரிந்தன. அந்த மழையை நாங்கள் பார்க்கவில்லை.

போனை வைத்துவிட்டுக் கராஜைத் திறந்தேன்.

"எங்கை போறீர்?" என்றார் கணவர்.

"வந்து ஏணியைப் பிடியுங்கோ," என்றேன்.