நான் தூக்கி எறியாத மாத்திரை

ஆவடி சேக்காட்டிலிருந்து சாந்தி எழுதுகிறேன். நம் ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். "எனக்கிருந்த வலிப்பைக் கர்த்தர் எடுத்துப்போட்டார், மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டேன்" என்று இரண்டு வருடமாக மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னவள் நான்தான். நீங்களும் கை தட்டினீர்கள். அது பொய். ஒரு நாள்கூட நான் மாத்திரையை நிறுத்தியதில்லை. இன்று காலையிலும் போட்டுக்கொண்டேன்.

படித்ததும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வழியில்லை.

பதினாறு வயதிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. பஸ்ஸில் விழுந்திருக்கிறேன், கல்யாண வீட்டில் விழுந்திருக்கிறேன். பிறகு ஒரு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஒரு வருடம் வரவே இல்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டேன். நான் அழுதுகொண்டே பேச, முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். யாரோ, "மாத்திரை எல்லாம் விட்டுட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். "தூக்கி எறிஞ்சிட்டேன்" என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. அறை முழுக்க அல்லேலூயா சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் நம் கூட்டத்துக்கு வருகிறவர் இல்லை. அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறார். விஷயம் அவர் காதுக்குப் போனதும் சிரித்தார். "அப்போ மாசாமாசம் மெடிக்கல்ல நான் வாங்கிகினு வர்றது யாருக்கு? பக்கத்து ஊட்டுக்கா?"

"உங்களுக்கு ஒண்ணும் புரியாது, சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். கர்த்தருடைய பெயருக்குப் பெருமைதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கர்த்தருக்கு என் பொய் தேவைப்பட்டதா என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் ஜெயந்தி விழுந்திருக்க மாட்டாள்.

ஜெயந்தி என்னோடு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரே டேபிளில் துணி செக்கிங் செய்கிறவள். கோவில்பதாகையில் வீடு. அவளுக்கும் வலிப்பு. நான்தான் அவளைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தேன். போன ஜூன் மாதம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் காதருகே வந்து, "அக்கா, பதினேழு நாள் ஆச்சுக்கா மாத்திரைய உட்டு. ஒண்ணியும் வர்ல. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரியாது. தெனமும் பிரிச்சி கொல்லைல போட்டுர்றேன்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இரண்டு வருடச் சாட்சி போய்விடும். "கர்த்தர் பெரியவர் ஜெயா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். நான் சொன்ன பொய்களிலேயே கேவலமானது அதுதான். அதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கையில் இருந்த சட்டையோடு அப்படியே சரிந்தாள். ஒரு வலிப்பு நிற்பதற்குள் அடுத்தது வந்தது. கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில்தான் அவள் தலை இருந்தது. வழியெல்லாம் அடங்கவே இல்லை.

அவள் வீட்டுக்காரர் குமார் ஆட்டோ ஓட்டுகிறவர். அலறி அடித்துக்கொண்டு வந்தார். ஐ.சி.யூ.விலிருந்து ஒரு டாக்டரம்மா வெளியே வந்து, "மாத்திரை விடாம எடுக்கிறாங்களா?" என்று கேட்டார்.

"தெனமும் போட்டுக்கினுதான் கீறா டாக்டர். அட்டை காலி ஆவறத நானே பாக்கறேன்."

"மாத்திரை போட்டும் இப்படி நிக்காம வருதுன்னா, மூளைல வேற ஏதாவது இருக்கான்னு பார்க்கணும். ஸ்கேன் எடுக்கணும், முதுகுல தண்ணி எடுத்துப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மாடிப்படிக்குக் கீழே போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நான் சொல்லாமலே அவளைக் காப்பாற்றும். இனிமேல் சாட்சி சொல்லவே மாட்டேன். வேண்டுமானால் என் வலிப்பைத் திருப்பிக் கொடும்." இப்படி எவ்வளவு நேரம் கெஞ்சினேனோ தெரியாது. என் பொய்யைக் காப்பாற்ற அவரையே கூட்டு சேர்க்கிறேன் என்பது மெல்ல உறைத்தது. அதோடு ஜெபம் நின்றுவிட்டது. கூட்டத்தில் அரை மணி நேரம் மூச்சு விடாமல் ஜெபிக்கிறவள் நான். அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. அவள் செத்துவிடுவாள், நான் கொன்றுவிட்டேன் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. கடைசியில், "நான் பொய்க்காரி. என் வாயைத் திறந்துவிடும்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம்.

வெளிச்சம் எதுவும் வரவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. மேலே ஏறிப் போனேன். டாக்டரம்மா ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கக் குமாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அவ மாத்திரை போடல டாக்டர். மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. என்னைப் பார்த்துதான் நிறுத்தினா" என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. என்ன மாத்திரை, எத்தனை எம்.ஜி., எந்த நாளிலிருந்து என்று மட்டும் கேட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே மாத்திரை. என் கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, இதே மருந்தை ஊசியாகப் போடலாம் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே ஓடினார்.

குமார் என்னையே பார்த்தார். "அது யாருது?"

"என்னுது."

"அப்போ நீ முழுங்கிகினு அவள நிறுத்தச் சொன்னியா?"

நான் நிறுத்தச் சொல்லவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. "ஆமா குமார்" என்றேன். "நீயெல்லாம் இன்னா மனுஷி? இங்கேர்ந்து போய்டு" என்றார். நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே போய் மாலை வரை நின்றேன். அடுத்த நாட்களும் அங்கேதான் நின்றேன்.

சாயங்காலம் வலிப்பு நின்றது. மூன்றாம் நாள் ஜெயந்தி கண் விழித்தாள். அந்தச் செய்தியை நர்ஸ் வந்து சொன்னபோது ரோடு என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். முதுகில் ஊசி குத்தத் தேவைப்படவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறாள். சில பெயர்கள் மறந்து மறந்து போகிறதாம், போகப் போகச் சரியாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஒரே ஒரு தடவை அவளே போன் செய்தாள்.

"அக்கா, மாத்திரைய உட்டுட்டேன்னு நான் சொன்னன் இல்ல, அன்னிக்குக் காலைல நீ மாத்திரை போட்டியா?"

"போட்டேன் ஜெயா."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நான் எத்தனை வருடம் இருந்தாலும் அது என் காதை விட்டுப் போகாது.

அவள் கண் விழித்த வாரமே பாஸ்டரிடம் மைக் கேட்டேன். நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டார். யோசித்தால் சொல்லமாட்டேன் என்றேன். நான் பேசி முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்த சிஸ்டர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது வேப்பம்பட்டிலிருந்து வருகிற வயதான பிரதர் ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார். "சுகர் ஊசிய நானும் உட்டுட்டேன் சிஸ்டர். நீங்க சாட்சி சொன்னப்புறம்தான். ஊட்ல தெரியாது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் காலில் துணி சுற்றியிருந்தது, துணி ஈரமாக இருந்தது. அப்படியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விரல் ஒன்று போயிற்று, கால் தப்பியது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்து சொன்னார்கள்.

கர்த்தர் என் வலிப்பை இன்னும் எடுக்கவில்லை. ஆனால் மாடிப்படிக்குக் கீழே நான் கேட்டதைக் கொடுத்தார், வாயைத் திறந்தார். அவரை நம்புங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியாது, ஆனாலும் சொல்கிறேன். அவரிடம் உள்ளதைச் சொல்லலாம், அவர் தாங்கிக்கொள்வார். என் சாட்சியைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. தயவுசெய்து வாருங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருகிறேன். ஜெபித்துக்கொண்டே வாருங்கள். மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.