வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்

நான் சொல்வதில் பாதி இட்டுக்கட்டியது என்று எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். ‘ஸ்பீக்கர்’ என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் இது நடந்தது. இட்டுக்கட்டுகிறவள் தன் மானத்தையே வாங்குகிற மாதிரியா கட்டுவாள்?

கீழ்வீட்டு டீச்சரக்காவின் கணவர் இறந்து இரண்டு மாதம் இருக்கும். அவருடைய பழைய கம்ப்யூட்டரை மகன் அன்று மாலை எடுத்துப்போய்க் கழித்துக் கட்டப் போகிறான். அதற்குள் அவர் குரல் பதிவுகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று அக்கா தவித்தார். கம்ப்யூட்டரைச் சுத்தப்படுத்தி வேகமாக்கும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. எதைத் தொட்டாலும் அது திரையில் ஒரு செய்திப் பெட்டியை நீட்டி வழிமறித்தது.

“நான் பாத்துத் தரேங்கா” என்று போய் உட்கார்ந்தேன். உதவி செய்யும் புத்தி கொஞ்சம்தான். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது, ராத்திரியில் அந்த அறையிலிருந்து தணிந்த குரலில் பேச்சு கேட்கும். யாரிடம் அப்படிக் குழைந்தார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா டீ போட உள்ளே போனார். பிற்பகல் மூன்று பத்து. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு பதிவைத் திறந்தேன்.

ஒரு பள்ளிக் கட்டுரை. ‘நான் ஒரு குடை பேசுகிறேன்’. பொறுமையாக, எழுத்துப் பிழையோடு சேர்த்து வாசித்தார். முடிவில், “மார்க்கை நீயே போட்டுக்கோ, டீச்சர்” என்று சிரித்தார்.

அடுத்ததும் கட்டுரை. அதற்கடுத்ததும்.

அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருவது எங்களுக்குத் தெரியும். அவர் எப்படி விடைத்தாள் திருத்தினார் என்று மட்டும் நான் யோசித்ததில்லை. உடம்பெல்லாம் கூசிப்போனது. எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு அனுப்பிவிட்டு ஓடிவிட நினைத்தேன்.

கடைசிப் பதிவில் நகலெடுப்பது நின்றது. பெட்டி வந்தது.

‘ஒரு கோப்பைச் சுத்தம் செய்ய முடியவில்லை. அதை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்.’

சரி என்றேன். மறுபடி வந்தது. இணைய வயரைப் பிடுங்கினேன். வந்தது. அந்த மென்பொருளையே நீக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன்.

டிங்...

வந்தது.

நீக்கிய மென்பொருள் எப்படி வரும்?

அவர் பேசிப் பதிந்த மைக்கைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் வயர் மேசைமேல் சுருட்டிக் கிடந்தது... எதிலும் செருகாமல்.

டிங்...

இந்த முறை வேறு வாசகம்.

‘அவர் மூடிவிட்டார்.’

நான் மௌஸைத் தொடவில்லை. கடைசிப் பதிவு தானாக ஓடியது.

பெண் குரல். என் குரல்.

“செத்தவரைப் பத்திச் சொல்லக் கூடாது... ராத்திரியெல்லாம் எவகிட்டயோ கொஞ்சல். டீச்சருக்குக் கண்ணும் தெரியல, புருஷனும் தெரியல.”

திரும்பினேன். வாசலில் அக்கா. கையில் இரண்டு டம்ளர்.

இதை உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அக்காவின் கணவர் இறந்த மறுவாரம், மாடிப்படியில் நின்று மேல்வீட்டுத் தையல்காரியிடம் நான் சொன்னது அது. வார்த்தை பிசகாமல் அப்படியே.

அக்கா டம்ளரை என் முன்னால் வைத்தார்.

“ஆறிடப்போகுது. குடி.”

குடித்தேன். அதைவிட அடித்திருக்கலாம்.

மாலையில் வந்த மகன் அந்தப் பதிவின் தேதியைப் பார்த்துக் குழம்பினான். அந்த வாரம் அக்கா அவன் வீட்டில்தான் இருந்தாராம். இங்கே மெயின் சுவிட்சை அணைத்து, கதவைப் பூட்டியது அவனேதானாம்.

சந்தேகத்தில் அவன் அதை இன்னொரு முறை, சத்தமாக ஓடவிட்டான். அப்போதுதான் கேட்டது. என் பேச்சுக்கு நடுவே யாரோ மூச்சு விடும் சத்தம். மைக்கை ஒட்டி... என் காதை ஒட்டி.

தையல்காரி எனக்கு இரண்டு படி கீழே நின்றிருந்தாள்.

நான் சாய்ந்து நின்றது சுவரில்.