நூற்றுக்கு இரண்டும் நம்ம தரகரும்

ஒரு வீட்டுக்கு ஒரு தரகு என்றுதான் நான் நம்பியிருந்தேன். அந்தத் தரகை எவன் கொடுக்கிறானோ அவனுடைய ஆள் தரகர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வக்கீலுக்குப் பீஸ் கொடுத்தால் அவர் நமக்காகப் பேசுகிறார். போகிற போக்கில் எதிரிக்காகவும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அங்கேயும் பீஸ் வாங்குவதில்லை. சலூனில் காசு கொடுத்தால் நம் தலையைத்தான் வெட்டுகிறார்கள்.

இப்படி நம்பியவன் உலகம் தெரியாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டுகிறவன். "உங்களுக்காகத்தான் இந்த விலை, வெளியே சொல்லிடாதீங்க" என்று ஒரே நாளில் நாற்பது பேரிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவன். பேரம் என் பிழைப்பு. அந்தப் பிழைப்பெல்லாம் விற்கிற பக்கம் நின்றால்தான் செல்லும், வாங்குகிற பக்கம் வந்தால் நான் வெறும் ஆள் என்பது எனக்கே வீடு வாங்கப் போனபோதுதான் தெரிந்தது.

யுத்த காலம். நாங்கள் குடியிருந்தது சந்தைப்பேட்டைப் பக்கம், ஒரு வளவு வீட்டில். ஆறு குடித்தனம், ஒரு கிணறு, அதிலும் உப்புத் தண்ணீர். பர்மாவில் குண்டு விழுந்ததும் வீட்டுக்காரருடைய மகளும் மருமகனும் பிள்ளைகளோடு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தை முடிவதற்குள் எங்கள் இடத்தைக் காலி செய்து தர வேண்டும் என்றார். அழுதுகொண்டே கேட்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? சரி என்றுவிட்டேன். வெளியே வந்து பார்த்தால் ஊரில் வாடகைக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூட மிச்சமில்லை. ரங்கூன்காரர்கள் அவ்வளவு பேர் வந்திருந்தார்கள்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் எனக்குப் பங்காக வந்த கரிசல் நிலத்தை அண்ணன் எடுத்துக்கொண்டு பணமாகக் கொடுத்திருந்தார். அதை வைத்து ஒரு வீட்டை வாங்கிவிடுவது என்று என் மனைவி தீர்மானித்தாள். நான் வழிமொழிந்தேன். கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் ஓட்டு வீடு ஒன்றைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேரே கொல்லைக்குப் போனாள், வாளியை இறக்கினாள், ஒரு கை அள்ளிக் குடித்தாள். "இந்தத் தண்ணியில பருப்பு வேகும்" என்றாள். அவ்வளவுதான், வீடு பார்த்து முடிந்தது. தை முடிவதற்குள் அந்த வீடு கைக்கு வர வேண்டும். வராவிட்டால் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டும்.

வீடு ஒரு பூட்டுக்கடைப் பாயுடையது. திண்டுக்கல்லில் இருந்த தம்பியோடு தொழிலில் சேர்ந்துகொள்ளப் போகிறார், அதனால் விற்கிறார் என்று சொல்லி எங்களை அவரிடம் அழைத்துப் போனவர் தரகர். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பாதி வாழ்க்கை மாட்டுத் தரகு. மாடு வாங்கினவர்கள் வீடும் கேட்க ஆரம்பித்ததால் அதையும் சேர்த்துக்கொண்டவர். தோளில் எப்போதும் ஒரு பெரிய துண்டு கிடக்கும். முதல் நாளே தரகு நூற்றுக்கு இரண்டு என்று பேசி முடித்தோம். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு "நம்ம தரகர்" ஆகிவிட்டார். தினமும் காப்பி கிளப்புக்கு அழைத்துப் போய் இட்லியும் காப்பியும் வாங்கிக் கொடுத்தேன். பந்தயக் குதிரைக்குக் கொள்ளு வைக்கிறவன் மாதிரி, அவர் சாப்பிடுவதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

விலை என்ன என்று மட்டும் நான் கேட்கக் கூடாதாம். நான் கேட்டால் ஏறுமாம். கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். மூவாயிரம் என்றேன். உண்மையில் மூவாயிரத்து இருநூறு இருந்தது. அந்த இருநூறை மறைத்ததில் எனக்கு ஒரு ராஜதந்திரியின் திருப்தி. என் மனைவியிடமும் அதைச் சொல்லவில்லை.

பேச்சு நடந்தது பாயின் கடையில். சுவர் முழுக்கப் பூட்டு. தரகர் முதலில் பாயின் வலது கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடினார். உள்ளே என்னவோ நடந்தது. பாய் தலையை ஆட்டினார், சிரித்தார், மறுபடி ஆட்டினார். மாட்டுச் சந்தையில் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விரலிலேயே விலை பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஜவுளிக்கடையில் நாங்கள் வாயால்தான் பொய் சொல்வது. விரல் பாஷை எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் துண்டு என் கைமேல் வந்துவிட்டது. தரகர் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டார். பிறகு மூன்று விரலை மட்டும் பிடித்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? ஒரு பெரிய மனிதர் கையைப் பிடிக்கிறார், மரியாதைக்கு நானும் பதிலுக்கு ஒரு அழுத்து அழுத்தினேன்.

அழுத்தினால் சம்மதம் என்று அர்த்தமாம். தரகர் முகம் மலர்ந்தது. பேச்சு முடிந்தது, வெள்ளிக்கிழமை அச்சாரம் என்று சொல்லிவிட்டு, சந்தை வேலையாக உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் வருவார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "எம்புட்டுக்கு முடிஞ்சிச்சு?" என்றாள். நல்ல விலைக்குத்தான் என்றேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். மறுநாள் கடையில் நான் அந்த விரல்களை ஆற அமர யோசித்தேன். ஐந்து, பிறகு மூன்று. ஐயாயிரத்து முந்நூறு. ஐந்து கெஜம் கேட்ட ஒரு அம்மாளுக்கு மூன்று கெஜம் கிழித்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று வேலை செய்கிற கூட்டாளி என்ன விஷயம் என்று கேட்டான். சொன்னேன். விரல் கணக்கு அவனுக்கும் தெரியாது. ஆனால் அதைவிட மோசமான ஒன்று தெரிந்திருந்தது.

"மாப்ள, ஒன் தரகரு பாய்கிட்டயும் நூத்துக்கு ரெண்டு வாங்குறாரு. நீ இட்லி வாங்கிக் கொடுத்த, பாய் பிரியாணி போட்டாரு. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கணக்கு மட்டும் மூளையில் ஓடியது. விலை ஏற ஏற என் பக்கத்து இரண்டும் ஏறும், பாய் பக்கத்து இரண்டும் ஏறும். அப்படியானால் அந்த மனிதர் என் செலவில் இட்லி தின்றுகொண்டே என் விலையை ஏற்றியிருக்கிறார். அவ்வளவையும் தின்னக் கொடுத்து என்னை நானே விற்றிருக்கிறேன்.

தரகர் திரும்புவதற்குள் காரியத்தை முடித்துவிடுவது என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பூட்டுக்கடைக்குப் போனேன். சும்மா போய் நிற்கக் கூச்சமாக இருந்ததால் முதலில் ஒரு பூட்டு வாங்கினேன். கோட்டை வாசலுக்குப் போடலாம், அவ்வளவு பெரிசு. வீடே இல்லாதவன் வாங்கின பூட்டு. பாய் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை. நின்ற வாக்கிலேயே கொட்டினேன்.

"தரகர் எதுக்கு பாய் நமக்கு? உங்ககிட்ட ரெண்டு, எங்கிட்ட ரெண்டு. நாமளே பேசிக்கிட்டா அம்புட்டும் மிச்சம். நான் கடைசியாச் சொல்றேன், மூவாயிரத்து இருநூறு. அதுக்கு மேல எங்கிட்ட ஒரு தம்பிடி கெடையாது."

பாய் ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. "மூவாயிரத்து இருநூறா?" என்று மெதுவாகக் கேட்டார். குறைவாக இருக்கிறதே என்று மனிதர் வருத்தப்படுகிறார் என்று எனக்குப் பட்டது. பத்திரச் செலவும் என்னுடையதே என்று சேர்த்துக்கொண்டேன். பத்திரச் செலவு எப்போதுமே வாங்குகிறவனுடையதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தார். பிறகு, கைபிடித்து முடித்த பேச்சைத் தரகர் இல்லாமல் பிரிக்கக் கூடாது, நாளைக்கு அவர் வரட்டும் என்றார். தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். ஐயாயிரத்து முந்நூறிலிருந்து ஒரே மூச்சில் இரண்டாயிரத்துக்கு மேல் இறக்கிவிட்ட சந்தோஷத்தில் நான் அதைக் குடித்தேன்.

மறுநாள் காலையில் தரகர் பாயிடம் விஷயம் கேள்விப்பட்டு என் கடைக்கே வந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் பார்க்க என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூட்டுக்கடைக்குப் போனார். பாய் முன்னால் நிறுத்தி, தான் இல்லாதபோது வந்து நான் என்ன பேசினேன் என்று கேட்டார்.

"எங்கையில அஞ்சும் மூணும் வச்சீங்கள்ல அண்ணே? ஐயாயிரத்து முந்நூறுக்கு நான் எங்க போவேன்?"

தரகர் ஒரு பூட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சும் மூணும் எட்டு மாப்ள. ஆயிரத்த விரல்ல பேச மாட்டோம், அது தெரிஞ்ச கணக்கு. நூறத்தான் பேசுவோம். ரெண்டாயிரத்து எண்ணூறுக்கு முடிச்சு வச்சிட்டுப் போனேன்."

பாய் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் வியாபாரி ஆகிவிட்டார். எண்ணூறுக்குச் சம்மதித்தது உண்மைதான், ஆனால் இவரே வந்து மூவாயிரத்து இருநூறு என்ற பிறகு எப்படி எண்ணூறுக்குக் கொடுப்பது, ரங்கூன் குடும்பம் ஒன்றும் கேட்டிருக்கிறது, தை போகட்டும், மாசியில் பேசிக்கொள்ளலாம் என்றார். என் பெட்டி படுக்கை தெருவில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்புறம் தரகர் பேசினார் பாருங்கள். கைபிடித்தால் பிடித்ததுதான் என்றார். விவரம் தெரியாத ஆள் உளறியதை விலையாக எடுத்துக்கொண்டால் கடைத்தெருவில் யார் மதிப்பார்கள் என்றார். எனக்காக அவர் பேசிய பேச்சில் "விவரம் தெரியாத ஆள்" ஏழெட்டு முறை வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பாய் கொஞ்சம் இறங்கி, மூவாயிரம் என்றார். பாயிடமும் இரண்டு வாங்குகிறவர் எனக்காக விலையை இறக்குவது புரியாமல் நான் தரகரிடம், "அண்ணே, நீங்க யார் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன்.

"வீடு கைமாறுற பக்கம். நூறு ரூவா ஏறுனா ஒங்கிட்ட ரெண்டு, பாய்கிட்ட ரெண்டு. அந்த நாலு ரூவாய்க்கு ஆசப்பட்டு பேச்சு முறிஞ்சா மொத்தமும் போச்சு. நான் என்ன கிறுக்கனா?"

பிறகு மறுபடி துண்டை எடுத்தார். பாய் கையில் போட்டார், வெகுநேரம் பேசினார். என் கையில் போடுவதற்கு முன் காதுக்குள், "இந்த வாட்டி நான் சொல்ற வரைக்கும் அழுத்தாத" என்றார். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். வாயாலும் சொன்னார், பாய்க்கும் கேட்கும்படி. நான் அழுத்தினேன்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நூறு ரூபாய் அதிகம் என்பதை என் மனைவி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இருநூறுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்லல, தரகருகிட்டச் சொல்லல, விக்கிற ஆள்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

தை முடிவதற்கு நாலு நாள் முன்னால் ரிஜிஸ்தர் ஆபீசில் பத்திரம் பதிவானது. வெளியே வேப்பமரத்தடியில் நான் தரகருக்கு ஐம்பத்தெட்டு ரூபாய் கொடுத்தேன். பாயும் ஐம்பத்தெட்டு ரூபாய் கொடுத்தார். தரகர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மடியில் கட்டிக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனோம்.