பதினெட்டு எக்ஸ் கேமராவும் ருக்மணி அம்மாவும்

கல்யாணத் தரகர் பிழைப்புக்கும் கேமரா விற்கிறவன் பிழைப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டு பேருமே எதையும் நல்ல வெளிச்சத்தில்தான் காட்டுவோம்.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒரு கேமரா கடையில் ஆறு வருஷம் கவுண்டரில் நின்றேன். பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்த சமயம். உங்களில் யாராவது கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றிருந்தால், நான் சொல்வது உடனே புரியும். நாம் விற்றது வாங்கியவர் வீட்டுக்குப் போய் என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது. தெரியாதவரைக்கும் நிம்மதி. எனக்கு ஒரே ஒரு கேமரா விஷயத்தில் தெரிந்துவிட்டது.

எத்தனை எக்ஸ்?

அப்போது எல்லோருக்கும் ஜூம் பைத்தியம். பைக் வாங்க வருகிறவர் மைலேஜ் கேட்பது மாதிரி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எத்தனை எக்ஸ்?" என்று, அதாவது எத்தனை மடங்கு கிட்டே இழுக்கும் என்று, கேட்பார்கள். பத்து, பன்னிரண்டு, பதினெட்டு என்று வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. நாங்களும் விளக்கமெல்லாம் சொல்வதில்லை. கடை வாசலுக்குக் கூட்டிப்போய் கோபுரத்தில் ஒரு பொம்மையைக் காட்டுவோம். மூக்குத்தி வரைக்கும் தெரியும். அதற்குமேல் ஒருவரும் பேரம் பேசமாட்டார்கள்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கோபுரத்தில் அவருக்கு அக்கறையில்லை. கண்மாய்க்கு இந்தக் கரையில் வீடு, அந்தக் கரையில் தென்னந்தோப்பு; யாரோ காய் பறித்துக்கொண்டு போகிறார்கள், முகம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஆனால் இத்தனை விலை கொடுப்பதைவிட ஒரு நடை நேரில் போய்ப் பிடித்துவிடலாமே என்று கடைக்காரனுக்கு ஆகாத யோசனை ஒன்றையும் சொன்னேன். அவர் கேமராவைத் திரும்பக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "தூரத்துலருந்து தெரிஞ்சாப் போதும் தம்பி. கிட்டப் போனா நாந்தேன் சங்கடப்படணும், அவென் என் மச்சினன்."

சனிக்கிழமை நோட்டு

அந்த ஒரு கேமராவை வாங்கிய துளசிராம் சார் முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை. ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. சௌராஷ்டிரக்காரர். பழைய பிலிம் கேமராவில் வண்டியூர் கண்மாய்க் கொக்குகளை எடுத்து எடுத்தே சம்பளத்தில் பாதியைப் பிலிம் கழுவக் கொடுத்தவர். கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு கேமராவின் குணத்தையும் கட்டம் போட்டு எழுதியிருந்தார். நாலு சனிக்கிழமை வந்தார், வாங்கவில்லை. எங்களுக்கு அவர் பேரே 'நோட்டு சார்' என்று ஆகிவிட்டது.

நாலாவது சனிக்கிழமை நோட்டை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார். ஒரு பொம்பளையை அவளுக்கே தெரியாமல் படம் எடுக்க வேண்டும், எம்புட்டு தூரம் தள்ளி நிற்கலாம், முகம் தெளிவாக விழுமா? உள்ளே கம்ப்யூட்டரில் பிரிண்ட் போடும் சிக்கந்தர் அண்ணே காதுக்கு அது எட்டிவிட்டது. எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஆளு சரியில்லையே மாப்ள" என்று முணுமுணுத்தார். சாருக்குக் கேட்டிருக்க வேண்டும். காதோரமெல்லாம் சிவந்துபோனது. "எடுக்கப் போறது என் வீட்டுக்காரியத்தான் தம்பி. கேமராவைப் பாத்தா எந்திரிச்சுப் போயிருவா, அதான்."

சீல் உடைக்காத பெட்டி

அடுத்த வாரம் அந்த அம்மாவையே கூட்டி வந்துவிட்டார். ருக்மணி அம்மா கடைக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில் பூஜைச் சாமான் கடை வாசலில் கூடையோடு நின்றுகொண்டார். மெலிந்த உருவம், பெரிய குங்குமம். உச்சி வெயில் பளீரென்று அடித்தது. நான் டெமோவுக்கு வைத்திருந்த பதினெட்டு எக்ஸைக் கொடுத்தேன். சார் எங்கள் ஷட்டர் கதவோரம் ஒண்டிக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தார். கற்பூர விலையைக் கேட்டுச் சிரிக்கிற முகம். கண்ணோரச் சுருக்கம்கூட எண்ணலாம். சார் அந்தச் சின்னத் திரையை வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, இந்த மாடலையே கொடுத்துவிடுங்கள் என்றார்.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் குறுக்கே வந்தது. டெமோ பீஸை எவரும் வாங்கமாட்டார்கள். சாரும், சீல் உடைக்காத பெட்டிதான் வேண்டும் என்றார். நானும் புத்தம்புதுப் பெட்டியை எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேருக்குமே அந்தப் படம் டெமோ கேமராவின் கார்டில் இருப்பது நினைவுக்கு வரவில்லை. கடை சாத்தும்போது கார்டை மொத்தமாக அழித்துவிட்டு பேட்டரியைச் சார்ஜில் போடுவது என் தினசரி வேலை. அன்றும் செய்தேன். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே சார் வாசலில் நின்றார். அழித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னதும், அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "பரவால்ல தம்பி. கேமராதான் கைக்கு வந்துருச்சுல்ல, இனி தினம் எடுத்துக்கிரலாம்."

மூணு பேர்

ஒரு மாதம் கழித்துக் கார்டோடு வந்தார். நாற்பது, ஐம்பது படம். அத்தனையும் கலங்கல். ஏதோ ஒரு சேலை, ஏதோ ஒரு நெற்றி. கேமரா பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்த நேரத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எல்லாமே மாலை ஆறரைக்கு மேல். வீட்டு வேலை முடித்து அந்த அம்மா தெப்பக்குளத்துச் சுவரில் காற்றாட உட்காரும் நேரம் அதுதான். இந்த ஜாதிக் கேமராவுக்கு இருட்டு ஆகாது. அதிலும் ஜூமை முழுக்க நீட்டிவிட்டால் கை லேசாக நடுங்கினாலும் படம் போச்சு. இது எனக்குத் தெரியும். எங்கே, எந்த நேரத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். உச்சி வெயிலில் காட்டி விற்றுவிட்டேன்.

அந்த அம்மா கேமராவைக் கண்டால் எழுந்து போகிற காரணத்தையும் சார் அன்றைக்குத்தான் சொன்னார். கல்யாணமான நாலாம் வருஷம், மூன்று வயசுப் பையனை நடுவில் உட்கார வைத்து ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் ஆகாது என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். ஆசையில் யார் அதைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் பையன் காய்ச்சலில் போய்விட்டான். கல்யாண ஆல்பத்தைக்கூட ட்ரங்குப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார் அந்த அம்மா. இருபத்தாறு வருஷமாக யார் கேமராவைத் தூக்கினாலும் எழுந்து போய்விடுவார். "ஊரையெல்லாம் எடுத்துட்டேன் தம்பி. அவ முகம் எனக்கு ஒண்ணு வேணும். கண்ண மூடுனா சின்ன வயசு முகந்தான் வருது, இப்ப உள்ளது வர மாட்டேங்குது."

தோள்

செய்த தப்புக்குப் பரிகாரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே தெப்பக்குளத்துக்குப் போனேன். ஞாயிறு ராகுகாலத்தில் அம்மனுக்கு எலுமிச்சை விளக்குப் போட அந்த அம்மா நாலரைக்கே கோயிலுக்கு வருவாராம். போட்டுவிட்டு வெளியே வரும்போது நல்ல வெயில் இருக்கும். தெப்பத் திருவிழாவுக்குத்தான் குளத்தில் தண்ணீர் விடுவார்கள். மற்ற நாளெல்லாம் உள்ளே கிரிக்கெட். நாங்கள் இரண்டு பேரும் படியிறங்கி, பந்து பொறுக்கும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டோம். சுவரில் அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். எங்களுக்கும் அவருக்கும் நூறடி இருக்கும்.

கை நடுங்காமலிருக்க என் தோளில் கேமராவை வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். காதுக்குப் பக்கத்தில் பதினோரு தடவை கேமரா 'கிளிக்' என்றது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கலங்கல் இல்லை என்பது தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் எத்தனை சந்தோஷமாக இருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துவிட்டு சார் சொன்னார்: "நாளைக்குக் கடைக்கு வாரேன் தம்பி, பெரிய திரையில வச்சு அவள நல்லாப் பாத்துருவோம்."

பெரிய திரை

சிக்கந்தர் அண்ணே ஒவ்வொரு படமாகத் திறந்து, முகத்தைப் பெரிதாக்கினார். முதல் மூன்று படத்தில் அந்த அம்மா கோயில் பக்கம் திரும்பியிருந்தார். நாலாவதில் தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கமும், ஐந்தாவதில் அந்தப் பக்கமும் பார்த்தார். ஆறாவதில் வலது கையை முஷ்டியாக்கி விலா எலும்புக்குக் கீழே அழுத்தினார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, முன்னால் குனிந்த முகம். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறேன். கடைசிப் படத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, யாரையோ பார்த்து வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிக்கந்தர் அண்ணே மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். சார் எட்டாவது படத்தை மறுபடி வைக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த அம்மா வீட்டில் ஒரு நாளாவது முனகியதில்லையாம். ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டால் வாயு என்பாராம். "முப்பது வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன் தம்பி. நூறடி தள்ளிப் போய் நின்னதுக்கப்புறந்தான் அவளுக்கு வலிக்குதுன்னு தெரியுது."

எதிர்ச்சாரியிலிருந்து

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வயிற்றில் கட்டி. முற்றிவிட்டது என்றார்கள். எனக்கு அதற்குப்பிறகு கவுண்டரில் நிற்கவே பிடிக்கவில்லை. மூடநம்பிக்கை என்று வாய்கிழியப் பேசுகிற ஆள்தான் நான். ஆனால் அந்த அம்மா பயந்த காரியத்தை அவருக்குத் தெரியாமல் தோள் கொடுத்துச் செய்தவனும் நான்தானே. ராத்திரி படுத்தால் அதுதான் ஓடும்.

ஒருநாள் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் இரண்டு பேரும் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். எதிர்ச்சாரியில் நின்றுகொள்வார் என்று பார்த்தால், அந்த அம்மா சார் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கடைக்குள்ளே வந்தார். ஸ்டூல் எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. தங்கள் வீட்டுப் பாஷையில் சாரிடம் ஏதோ கேட்டார். அவர் என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். படம் எடுத்த கதையைச் சார் அவரிடம் சொல்லியிருக்கிறார்; இதைச் சொல்வதற்கென்றே இறங்கி வந்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது: "படம் எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமாவே வலி இருக்குப்பா. அதுனால வந்ததுன்னு நீ மனசுல வச்சுக்கிறாத."

இரண்டு பிரிண்ட்

தீபாவளிக்கு முன்னால் அந்த அம்மா தவறிவிட்டார். காரியத்துக்கு முதல் நாள் சார் தன் மச்சினரோடு வந்தார். படம் பெரிதாக வேண்டும். பதினோராவது படம் இருந்தது, அந்தச் சிரித்த முகம். இந்த மாதிரிப் படங்களுக்கென்றே சிக்கந்தர் அண்ணேயின் கம்ப்யூட்டரில் பட்டுப்புடவையும் காசுமாலையும் தயாராக இருக்கும். தலையை மட்டும் எடுத்துப் பொருத்திவிடுவார். மச்சினர் அரக்குப் பட்டைத் தேர்ந்தெடுத்தார். மச்சினர் வெளியே போன பிறகு சார், எட்டாவது படத்திலும் ஒன்று வேண்டும், சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவில், என்றார்.

சிக்கந்தர் அண்ணே மனசு கேட்காமல், "அது வேணாம் சார், அத வச்சுப் பாத்துக்கிட்டு எதுக்கு வேதனப்படுறீக, சிரிக்கிறதையே சின்னதா ஒண்ணு போட்டுத் தாரேன்" என்றார். சார் பட்டுப்புடவைப் படத்தைக் காட்டிச் சொன்னார்: "இது எல்லாரும் பாக்குறதுக்கு பாய். அது நான் பாக்காம விட்டது."

தூரத்தில் இருப்பதைப் பதினெட்டு மடங்கு கிட்டே கொண்டுவரும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி ஆறு வருஷம் பிழைத்தேன். கிட்டே இருப்பதைக் காட்டுகிற கேமரா இருக்கிறதா என்று ஒருவரும் கேட்காததால் என் வியாபாரம் தப்பித்தது.