தோற்காத உமர் பாருக் எழுதிய பிளகின்

2008-ஆம் வருடம் கம்பத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடித் தோற்காத ஒரே ஆள் உமர் பாருக். சும்மா இல்லை, ஏழு மாசம். அந்தத் துப்பாக்கி விளையாட்டு ஓடியதே அவன் பிரவுசிங் சென்டரில்தான். ஐந்து கம்ப்யூட்டர், மூலையில் ஆட்டத்தை நடத்தும் ஒரு சர்வர். கடையின் மெயின் சுவிட்ச் அவன் மேஜைக்குக் கீழே, வலது கால் எட்டுகிற இடத்தில் இருந்தது. அவன் வெற்றிக்கு அதுதான் காரணம்.

தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் கால் கட்டைவிரலால் ஒரு தட்டு. திரையெல்லாம் அணைந்துவிடும். தெருவில் மற்ற கடைகளில் விளக்கு எரிந்தாலும் அசரமாட்டான். கரண்டுல நம்ம பேஸ் மட்டும் போயிருச்சு என்று உச்சுக் கொட்டுவான். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத வருடம் அது. யார் போய்த் துருவப் போகிறார்கள்? சர்வர் திரும்ப எழும்போது இருவருக்கும் பூஜ்யம். ஆட்டம் செல்லாது. ஐயா கம்பத்துச் சிங்கம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் டிரைவர் பேச்சிமுத்து, ஞாயிறுதோறும் விளையாட வருவான். முதலில் பதினாறு ரவுண்டு எடுப்பவன் ஜெயித்தவன். ஒரு ஞாயிறு உமர் பன்னிரண்டு, பேச்சிமுத்து இரண்டு. அன்றைக்குப் பார்த்து நிஜமாகவே கரண்டு போய்த் தொலைந்தது. முடியாத ஆட்டத்தில் ஜெயிப்பு ஏது பாய் என்று கேட்டுவிட்டுப் பேச்சிமுத்து கிளம்பிவிட்டான். உமருக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் பிளகின் எழுத உட்கார்ந்தான், விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு குட்டி நிரல். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அது மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சர்வர் செத்துப் பிழைத்தாலும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்க வேண்டும். படித்தது பி.காம். இணையத்தில் எவனெவனோ எழுதியதைப் பார்த்து அடித்து, கம்பைல் செய்தால் முப்பது தப்பு. ஒரு வாரம் மல்லுக்கட்டி அதைச் சரிசெய்து, சர்வரில் கொண்டுபோய்ப் போட்டால் ஓடவில்லை. பிளகின் பட்டியலிலும் அதன் பெயரை எழுத வேண்டும் என்று தெரியவே மேலும் மூன்று நாள் ஆனது. கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் தங்கை சுமையா, இதுக்குப் பேசாம ஒரு யுபிஎஸ் வாங்கியிருக்கலாம் என்றாள். ஐயா காதில் விழவில்லை.

தோற்கிறவன் கணக்கையும் அது குறித்துக்கொள்ளும் என்பது மட்டும் அந்த மண்டையில் உறைக்கவேயில்லை.

பிளகின் ஓடத் தொடங்கிய பின் வந்த முதல் ஞாயிறு பேச்சிமுத்து பதினைந்து, உமர் ஒன்பது. பழக்கதோஷம், கால் தானாகப் போய்த் தட்டியது. வழக்கம்போல உச்சுக் கொட்டினான். ஐந்து நிமிஷம் பொறுத்து யாருக்கும் தெரியாமல் சுவிட்சைப் போட்டான். சர்வர் எழுந்தது. திரை நடுவே பச்சை எழுத்தில் வந்து நின்றது: பேச்சிமுத்து 15, உமர் 9.

"ஏலே, வேல செய்யுதுடா!" என்று உமர் நாற்காலியை விட்டுத் துள்ளினான். முப்பது தப்பைத் திருத்திய சந்தோஷம் அது, பொய்யில்லை. உட்காரும்போதுதான் அந்த எண்களைச் சரியாகப் படித்தான். அடுத்த ரவுண்டில் உமரின் தலையிலேயே ஒரு குண்டு. பதினாறு.

கடையே கைகொட்டிச் சிரித்தது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பேச்சிமுத்து சிரிக்கவில்லை. ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, உமருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"ஏழு மாசமா வாரேன் பாய். இன்னிக்குத்தேன் நீங்க வெளாண்டீக."