எங்கள் ஹீரோ ஏன் 'பண்றான்'?

சென்ற சனிக்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. ஆபீஸில் என் டீமில் கோட் எழுதும் ஜொனாலி, அசாம்காரி, யூனியன்வில்லில் ஒரு மண்டபத்துக்குப் படம் பார்க்க அழைத்தாள்.
2. அசாமிய மொழியில் எடுத்த குங்ஃபூ காமெடி. அதுவும் இரண்டாம் பாகம்.
3. போனேன். சிரித்தேன்.
4. வயிறு எரிந்தபடி வீடு வந்தேன்.

நான்காவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

படத்துக்குக் காசு இல்லை என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. வில்லனின் கோட்டை, பூட்டிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில். அடியாட்கள் நான்கு பேர்தான் – விழுந்தவர்களே தொப்பியை மாற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். ஹீரோ மீன் கூடையால் தடுக்கிறான், தோளில் கிடந்த துண்டால் அடிக்கிறான். பறக்கும்போது கயிறு தெரிகிறது. யாருக்குக் கவலை?

இதிலெல்லாம் எனக்குப் பொறாமை இல்லை. கயிறு எங்களிடமும் இருக்கிறது.

வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும் – யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளான நானும் நண்பன் கஜனும், எங்கள் குடும்பங்கள் குடியேறிய ஸ்காபரோவில் ஒரு கராத்தே காமெடி குறும்படம் எடுத்தோம். எழுத்து நான், ஹீரோ அவன். எங்கள் ஆட்களில் காலைத் தலைக்கு மேலே தூக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். அதன் இரண்டாம் பாகத்தின் ஸ்கிரிப்ட் மாதக்கணக்காகக் கிடக்கிறது. வாசித்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை...

மண்டபத்தில் ஹீரோ அடிக்கும் முன் ஏதோ சொன்னான். சப்டைட்டில் வருவதற்குள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

"இதை மொழிபெயர்க்க முடியாது" என்றாள் ஜொனாலி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கள் வீட்டில் மாட்டை விரட்டும்போது இப்படித்தான் சொல்வோம்."

மாட்டை விரட்டுகிற பேச்சிலேயே வில்லனையும் விரட்டுகிறார்கள். சப்டைட்டிலை முந்திக்கொண்டு வந்த அந்தச் சிரிப்பு – அதுதான் எனக்கு வேண்டும்.

எங்கள் ஹீரோ என்ன சொல்கிறான்? டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்றுகொண்டு, "என்னடா பண்ற?" என்கிறான். கஜன் பிறந்ததிலிருந்து எதையும் 'பண்ணியது' கிடையாது. வீட்டில் எல்லாவற்றையும் 'செய்யிறவன்'. கமெரா ஓடத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் சென்னைக்காரர் ஆகிவிடுகிறோம். யார் கேட்டார்கள்?

வீட்டுக்கு வந்ததும் கஜனுக்கு போன் எடுத்தேன்.

"டயலாக் முழுக்க எங்கட தமிழில மாத்தப்போறன்."

"உனக்கென்ன விசரே? 'என்னடா செய்யிறாய்' எண்டு கேட்டு அடிச்சா, சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும்."

"கஜன், உது காமெடிப் படம்."



"அப்பிடியெண்டா நான் நடிக்கிறதப் பற்றி யோசிக்கோணும்" என்றான்.

இன்றைய நிலவரம்: ஸ்கிரிப்டில் இருந்த 'பண்ற' எல்லாவற்றையும் தேடி மாற்றியாயிற்று. நடிக்க ஹீரோ இன்னும் ஓம் சொல்லவில்லை.