பதில் பாடாத இடையன்

சுங்கை பினாங் சிற்றாலய வாசலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், வெளிநாட்டு இளவரசருக்காகக் காத்திருக்கிறோம். பெரிய விருந்தாளி வந்தால் இங்கே இரண்டு பேர் இடையர் வேடத்தில் பாட்டாகவே பேசி வரவேற்பார்கள். ஒருவர் கேட்பார், மற்றவர் விருந்தாளியைப் புகழ்ந்து பதில் பாடுவார். மேரி அக்கா கிறிஸ்துமஸ் நாடகத்துக் கம்பளியும் கோலுமாகத் தனியே நிற்கிறார். பதில் பாடும் அவர் கணவர் போன மாதம் இறந்துவிட்டாராம்.

“வேற ஆள் போடலையா அக்கா?”

“அது அவரு பாட்டு தம்பி. வேற யாரும் பாட வேணாம் லா.”

கார் வந்து நிற்கிறது. இளவரசர் இறங்குகிறார். அக்கா பாடுகிறார்:

“கூட்டாளி, ஆடெல்லாம் தலைதூக்கிப் பார்க்குதே, வருவது யாரோ?”

பாடிவிட்டுப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.

பாட்டு முடிந்ததென்று நினைத்து இளவரசர் கைதட்டுகிறார். அவர் தட்டுவதால் நாங்களும் தட்டுகிறோம்.